தெரிந்த வீட்டுப் பையன்
மனநலம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதியவை. 26 வருஷம் உளவியல் வகுப்பெடுத்தவனுக்கு அந்தக் கையெழுத்துகளைப் பார்த்தாலே ஒரு சந்தோஷம். பெயர் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். சரி, போடவில்லை.

கேள்வி: நான் முதுகலை உளவியல் மாணவன். மனநோய் உள்ளவர்களைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. 180 பேரிடம் படிவம் கொடுத்து வாங்கினேன். பதில்களில் அன்பும் கருணையும் வழிகின்றன. ஆனால் எங்கள் வகுப்பிலேயே ஒருவர் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு இந்தப் பருவம் திரும்பி வந்திருக்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கை காலி. படிவத்தில் என் நண்பர்கள் பொய் சொல்லிவிட்டார்களா?

பொய் என்று சொல்லிவிட்டால் கணக்கு சுலபமாக முடிந்துவிடும். எழுதியதை அவர்கள் நம்பித்தான் எழுதியிருப்பார்கள். எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அப்படி எழுதியவன்தான்.

இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் பேராசிரியர் ஒரு படிவம் கொடுத்தார். சைக்ளோஸ்டைல் தாள், மை கையில் ஒட்டும். 'மனநோயிலிருந்து தேறிய ஒருவருடன் ஒரே அறையில் தங்குவேன்' என்று ஒரு வரி. 'முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன், கொஞ்சம் அழுத்தியே. அதே மாதம் என் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் விடுதி வாசலில் வந்து நின்றான். அவனுக்கும் மனச்சிதைவுதான். மாத்திரை ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நடை மெதுவாகியிருந்தது, உதடு காய்ந்திருந்தது, சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான். யாரென்று அறை நண்பர்கள் கேட்டார்கள். "தெரிந்த வீட்டுப் பையன்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கொடியில் கிடந்த என் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தான். சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டான். பதினோரு வருஷம் கழித்து ஒருநாள் ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்டினான். யாரது என்று உள்ளிருந்து கேட்டேன். "தெரிந்த வீட்டுப் பையன் வந்திருக்கேன், திற" என்றான்.

அந்த டிக் பொய்யில்லை. படிவத்தில் இருந்த ஆளோடு நான் சந்தோஷமாகவே தங்கியிருப்பேன். அந்த ஆளுக்குப் பொத்தானெல்லாம் சரியாக இருந்தது.

காகிதத்தில் சொல்வதும் நேரில் செய்வதும் வேறு வேறு என்பதை 1934லேயே ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் காட்டிவிட்டார். அமெரிக்காவில் சீனர்கள் மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம். ஒரு சீனத் தம்பதியோடு அவர் நாடு முழுக்கக் காரில் சுற்றினார். தங்குமிடம், உணவகம் என்று 251 இடங்களில் நுழைந்தார்கள். மறுத்தது ஒரே ஓர் இடம். பிறகு அதே இடங்களுக்கு 'சீனர்களை ஏற்பீர்களா' என்று கடிதம் போட்டார். பதில் எழுதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் 'மாட்டோம்' என்றார்கள். அவருக்குக் காகிதம் கடுமை, நேர் இளக்கம். உங்களுக்கு அப்படியே தலைகீழ். இரண்டிலும் காகிதத்தில் இருந்த ஆள் வேறு, வாசலில் வந்து நின்ற ஆள் வேறு.

உங்கள் மாணவர்களிடம் இன்னொன்றும் வேலை செய்கிறது. உளவியல் துறை கொடுக்கும் படிவத்துக்கு எது 'சரியான விடை' என்று அவர்களுக்குத் தெரியும். நல்ல பேர் வாங்கும் இந்த ஆசையை அளக்கவே 1960இல் கிரௌன், மார்லோ என்ற இருவர் 33 வரிகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். 'நான் யாரையும் கடுமையாக வெறுத்ததே இல்லை' என்பது அதில் ஒரு வரி. அதற்கு ஆமாம் போடுகிறவர் மற்ற கேள்விகளுக்கு எழுதியதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

இப்போது உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். 'மனநோயாளிகள் மதிக்கப்பட வேண்டும்' போன்ற வரிகளைத் தூக்கிவிடுங்கள். வேண்டாம் என்று எவன் எழுதுவான்? எமரி போகார்டஸ் 1925இல் அறிமுகப்படுத்திய சமூக இடைவெளி அளவுகோலை எடுங்கள். (கொரோனாவுக்குப் பிறகு 'சமூக இடைவெளி' என்றாலே ஆறடி என்று ஆகிவிட்டது. சமூகவியலில் அதற்கு வயது அதிகம்.) அவர் இனங்களுக்கிடையே அளந்தார், பின்னால் வந்தவர்கள் அதையே மனநோய்க்கு மாற்றினார்கள். பக்கத்து வீட்டில் இருக்கலாமா, கூட வேலை செய்யலாமா, அறையை வாடகைக்கு விடுவீர்களா, உங்கள் குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்வீர்களா, உங்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பீர்களா என்று ஒவ்வொரு படியாக உள்ளே வரும். உங்கள் படிவத்தில் அன்பு எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். நான் வகுப்பில் செய்த போதெல்லாம் பக்கத்து வீடு வரை எல்லோரும் வள்ளல்கள், குழந்தை வந்ததும் பேனா நின்றுவிடும்.

அப்புறம், ஒரே கதையை இரண்டு விதமாக அச்சடியுங்கள். 'ஒரு மாணவர் ஒரு பருவம் சிகிச்சையில் இருந்துவிட்டுத் திரும்புகிறார்.' பாதிப் பேருக்குச் சிறுநீரகக் கோளாறு, பாதிப் பேருக்கு மனச்சிதைவு. யாருக்கு எது போகிறது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கேள்வியும் 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று இருக்க வேண்டாம், 'உங்கள் வகுப்பில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்' என்று கேளுங்கள். அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது மனுஷன் தாராளமாக உண்மை பேசுவான்.

ஆய்வு எப்படியோ போகட்டும். அந்த இரண்டு காலி இருக்கைகளில் ஒன்று உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

கேள்வி: மருத்துவ மாணவி நான். மனநலப் பிரிவில் இரண்டு வாரப் பயிற்சி முடிந்தது. அங்கே போனால் பயம் போய்விடும் என்றார்கள். எனக்கு அதிகமாகிவிட்டது. நான் மட்டும்தான் இப்படியா?

இல்லவே இல்லை. நீங்கள் பார்த்தது நோயின் உச்சத்தை. உள்நோயாளியாகச் சேர்க்கும் அளவுக்குப் போனவர்களை, அதிலும் அவர்களுடைய மோசமான பத்து நாட்களை மட்டும் பார்த்தீர்கள். தேறியவர் வேலைக்குப் போய்விட்டார், அவர் எதற்கு வார்டுக்கு வரப் போகிறார்? இதற்கு 'மருத்துவரின் மாயை' என்று 1984இல் பெயரே வைத்துவிட்டார்கள் கோஹென், கோஹென் என்ற ஆய்வாளர்கள். நாள்பட்ட நோயாளிகளையே திரும்பத் திரும்பப் பார்க்கும் மருத்துவருக்கு, அந்த நோய் யாருக்குமே தீராது என்று தோன்றிவிடும்.

பழகினால் வெறுப்பு குறையும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னபோது சும்மா பழகினால் போதும் என்று சொல்லவில்லை. இருவரும் சமமாக இருக்க வேண்டும், ஒரே வேலைக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும் என்றார். வார்டில் உங்கள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், அவர் கையில் ஒன்றுமில்லை. சாவியும் உங்கள் பக்கம். அங்கே என்ன சமம்?

பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். சிகிச்சையில்லாத தீவிர நிலையில், அதிலும் குடியோ போதைப் பொருளோ சேர்ந்தால், வன்முறை வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் ஊரில் நடக்கும் மொத்த வன்முறையில் மனநோயின் பங்கு மிகச் சிறியது. அவர்கள் அடிப்பதைவிட அடிவாங்குவதுதான் அதிகம்.

ஒரு நாள் வெளிநோயாளிப் பிரிவில் மருந்து வாங்கும் வரிசையில் போய் நில்லுங்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு. பத்து வருஷமாக மாசா மாசம் வந்து, அட்டையைக் கொடுத்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, அரை நாள் விடுப்பு முடிவதற்குள் வேலைக்கு ஓடும் ஆட்களை அங்கேதான் பார்க்கலாம்.

கேள்வி: நண்பர்கள் பேச்சுக்குப் பேச்சு 'லூசு', 'மெண்டல்', 'சைக்கோ' என்கிறார்கள். தடுத்தால் 'ஓவரா பண்ணாதே' என்கிறார்கள். நான் ஓவராகத்தான் பண்ணுகிறேனா?

'லூசு' விஷயத்தில் கொஞ்சம் ஓவர்தான். அது செல்லமாகக்கூட ஆகிவிட்டது. என் தம்பியே என்னை அப்படித்தான் கூப்பிடுவான். 'சைக்கோ' அப்படியில்லை, கேட்டவுடன் கத்தி ஞாபகம் வருகிறது. அதை விடாதீர்கள்.

எனக்கு உறுத்தும் சொல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது: மனச்சிதைவு. சிதைந்தது திரும்ப ஒட்டுமா என்று அம்மா கேட்டாள். டாக்டரிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது சொல்லில் இருந்த கோளாறு. ஜப்பானிலும் இதே சிக்கல் இருந்தது. 'மனம் பிளந்த நோய்' என்று பொருள்படும் பழைய பெயரை 2002இல் தூக்கிவிட்டு, ஒருங்கிணைப்பில் ஏற்படும் கோளாறு என்கிற மாதிரி வேறு பெயர் வைத்தார்கள். நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டுதான் அது நடந்தது. வேறு நல்ல சொல் கைக்கு வராததால் இந்தப் பக்கத்திலும் பழையதையே எழுதிக்கொண்டிருக்கிறேன், என்ன செய்வது.

கேள்வி: அக்டோபர் 10 உலக மனநல தினத்துக்கு எங்கள் மாணவர் மன்றம் போஸ்டர் அடிக்கிறது. 'மனநோய் என்பது மூளையின் ரசாயனக் கோளாறு, நீரிழிவு மாதிரிதான்' என்று வாசகம். சரியா?

காரணம் இவ்வளவு எளிதல்ல என்பது ஒரு பக்கம். நீங்கள் நினைக்கும் வேலையை அந்த வாசகம் செய்யாது என்பது இன்னொரு பக்கம். அமெரிக்காவில் 1996இலும் 2006இலும் ஒரே கேள்விகளைப் பொதுமக்களிடம் கேட்டார்கள். மனச்சோர்வுக்கு மூளை சார்ந்த காரணம் உண்டு என்று சொன்னவர்கள் 54 சதவீதத்திலிருந்து 67 ஆனார்கள். சிகிச்சை எடுக்க வேண்டும் என்ற ஆதரவும் கூடியது. விலகி நிற்பது மட்டும் குறையவில்லை. யோசித்தால் புரியும்: 'அவன் மேல் தப்பில்லை, மூளையே அப்படி' என்றால் பழி போகிறது, ஆனால் 'அப்போ மாறவே மாட்டான்' என்ற எண்ணம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பாட்ரிக் காரிகனும் அவருடன் இருந்தவர்களும் 2012இல் 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் பாடம் நன்றாக வேலை செய்கிறது. பெரியவர்களிடம், நோயோடு வாழும் ஒருவரை நேரில் சந்திப்பதுதான் அதிகம் வேலை செய்கிறது. வீடியோவில் பார்ப்பது அதற்கு ஈடில்லை. ஆகவே போஸ்டர் காசில் ஒருவரை அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள். தன் நோயைப் பற்றி மட்டும் அவர் பேச வேண்டும் என்றில்லை. கணக்காளர் என்றால் கணக்கு வேலையைப் பற்றியும் பேசட்டும். அவர் கிளம்பும்போது வண்டி வரைக்கும் கூடப் போங்கள். நல்ல கேள்விகள் அங்கேதான் வரும்.

கேள்வி: எனக்கு இருதுருவ மனநோய் (பைபோலார்): மனம் ஒரு காலம் உச்சத்துக்கு ஏறும், ஒரு காலம் அடியில் கிடக்கும். அதற்கு லித்தியம் மாத்திரை எடுக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். வரும் பருவத்திலிருந்து விடுதியில் புது அறைத் தோழி. சொல்லலாமா, வேண்டாமா?

சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை, யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. எலின் சாக்ஸ் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் தனக்கு மனச்சிதைவு இருப்பதை ஊரறியச் சொன்னது 2007இல். அதற்குள் அவர் பேராசிரியராகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அதுவரை அவர் சொல்லாததைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அறைத் தோழி விஷயத்தில் உடம்பு சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது. உங்களுக்கு மனம் உச்சத்துக்கு ஏறத் தொடங்கினால் முதலில் குறைவது தூக்கம். அது உங்களுக்குத் தெரியாது. நன்றாக இருப்பதாகவே தோன்றும். ராத்திரி மூன்று மணிக்கு விளக்கு எரிவது அடுத்த கட்டிலுக்குத்தான் தெரியும். அதனால் முதல் நாளே வேண்டாம், இரண்டு மூன்று வாரம் ஆளைப் பாருங்கள். அடுத்தவர் கதையை உங்களிடம் வந்து சொல்கிறவள் என்றால், உங்கள் கதையும் வெளியே போகும்.

நம்பலாம் என்று பட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். "எனக்கு ஒரு உடம்புப் பிரச்சினை, மாத்திரை சாப்பிடுகிறேன், சரியாக இருக்கிறேன். இரண்டு மூன்று நாள் நான் தூங்காமல் ரொம்ப உற்சாகமாக இருந்தால், இந்த நம்பருக்குப் போன் பண்ணு." நோயின் பெயர், பழைய கதை, ஆஸ்பத்திரி எல்லாம் அவள் கேட்டால், உங்களுக்கும் விருப்பம் இருந்தால். பரிட்சை சமயத்தில் சேர்ந்து விடிய விடியப் படிக்கக் கூப்பிடுவாள். அதற்கு மட்டும் கண்டிப்பாக மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். தலைவலி என்றால் அவள் கொடுக்கும் வலி மாத்திரையையும் வாங்கிப் போடாதீர்கள், சிலது ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். டாக்டரைக் கேட்டு எது ஆகும் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லித்தியத்தால் தாகம் எடுக்கும், கை லேசாக நடுங்கும். பரிட்சை அறையில் இரண்டையும் பார்த்துக் கண்காணிப்பாளர் ஏதாவது நினைத்துக்கொள்வார், நீங்களும் அதையே நினைத்துக்கொண்டு எழுதுவீர்கள். தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு வரி வாங்கி, முன்கூட்டியே துறையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நோயின் பெயர் அதில் வேண்டாம், 'மருத்துவக் காரணங்களுக்காக' என்றால் போதும். நகல் ஒன்றை ஹால் டிக்கெட்டின் பின்னால் குத்தி வையுங்கள்.