கேள்வி பதில்: இரண்டு தொகுதியும் ஒரு போட்டானும்

2024இல் ராகுல் காந்தி வயநாடு, ரேபரேலி இரண்டிலும் ஜெயித்தாரே, ஒரே துகள் இரண்டு இடத்தில் இருக்கும் என்கிற குவாண்டம் கதைதானே இது?
- வாசகர், ராமகிருஷ்ணபுரம், டெல்லி

குறும்பான கேள்வி, ஆனால் இல்லை. இரண்டு தொகுதியிலும் ஓட்டு எண்ணி ஜூன் 4 அன்றே முடிவு வந்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது என்பதுதான் பாக்கி. 14 நாளுக்குள் ஒன்றை ராஜினாமா செய்யாவிட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி இரண்டுமே போய்விடும். அவர் ரேபரேலியை வைத்துக்கொண்டார். வயநாடு இடைத்தேர்தலில் தங்கை பிரியங்கா வந்தார். அந்தக் குடும்பத்துக்கு இது பழக்கமான விஷயம். 1980இல் இந்திரா ரேபரேலியை விட்டு மேடக்கை வைத்துக்கொண்டார். 1999இல் சோனியா பெல்லாரியை விட்டார், அமேதியை அல்ல.

குவாண்டத்தில் அளக்கும் வரை முடிவு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு துகளும் தன் விடையைத் தன்னோடு சுமந்து வருகிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் சோதனையோடு ஒத்துப்போவதில்லை. அதைக் காட்டிய அஸ்பெ, கிளாசர், ஸைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் கிடைத்தது.

இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க வழி உண்டா?
- வாசகி, மயூர் விஹார், டெல்லி

உண்டு, செலவும் அதிகமில்லை. டிவி பேனல் ரிப்பேர் செய்பவர்களிடம் போலரைசர் ஷீட் (ஒரே திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடும் தாள்) ஒரு துண்டு கேளுங்கள். பசை இல்லாததாக இருந்தால் நல்லது. பசை உள்ளது விரலில் ஒட்டிப் பாடாய்ப் படுத்தும். ஒரே ஷீட்டில், ஒரே திசையில், 5 செ.மீ. சதுரமாக மூன்று வெட்டி, எல்லாவற்றிலும் ஒரே மூலையில் புள்ளி வையுங்கள். இரு பக்கமும் உள்ள பாதுகாப்புத் தாளை உரித்துவிடுங்கள். எப்போதும் ஒரே முகம் மேலே இருக்கட்டும்.

மொபைல் டார்ச்சின் முன் முதல் சதுரம். அதன் மேல் இரண்டாவதை வைத்து மெல்லத் திருப்புங்கள். புள்ளிகள் 90 டிகிரி விலகும்போது வெளிச்சம் ஏறக்குறைய அணைந்துவிடும். இப்போது மூன்றாவதை 45 டிகிரி திருப்பி இரண்டுக்கும் *நடுவில்* செருகுங்கள். தடுப்பு ஒன்று கூடியிருக்கிறது, வெளிச்சமோ திரும்ப வந்துவிடும்! வரவில்லையா? மூன்றாவதை வெளியே வைத்திருப்பீர்கள், அல்லது திருப்ப மறந்திருப்பீர்கள். டார்ச்சுக்குப் பதில் லேப்டாப் திரையை வைக்காதீர்கள், அதன் வெளிச்சம் ஏற்கெனவே போலரைஸ் ஆனது. சினிமா 3டி கண்ணாடியும் வேண்டாம். பெரும்பாலும் அது வட்டமாகச் சுழலும் போலரைசேஷன் வகை, குழப்பிவிடும்.

முதல் ஷீட்டைத் தாண்டியதில் பாதி நடு ஷீட்டைத் தாண்டும், அதில் பாதி கடைசியைத் தாண்டும்; ஆக கால் பங்கு. நிஜ ஷீட் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும் என்பதால் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. வெளிச்சத்தை வெறும் அலை என்று கொண்டாலும் இந்தக் கணக்கு சரியாகவே வரும். வெளிச்சத்தின் துகளான போட்டானைப் பாதியாக வெட்ட முடியாது என்கிற இடத்தில்தான் குவாண்டம் நுழைகிறது. ஒரு போட்டான் முழுசாகத் தாண்டும், இல்லையேல் முழுசாக நின்றுவிடும். எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று மட்டும் சொல்லலாம். தாண்டியதோ தன் பழைய திசையை விட்டு 45 டிகிரிக்கு வந்துவிடுகிறது.

பார்த்தாலே துகள் மாறும் என்றால், மனசுக்கு அந்தச் சக்தி உண்டா?
- வாசகர், முனீர்க்கா, டெல்லி

இல்லை. பார்ப்பது என்றால் இங்கே கருவியில் பதிவாவது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் டிடெக்டர் இருந்தாலும் அதே விளைவு. தியான வகுப்பு விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஃபிரோஸ் காந்தி மகாத்மாவின் வளர்ப்பு மகன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
- வாசகி, கரோல்பாக், டெல்லி

புரளி. ஃபிரோஸ் 1912இல் பம்பாயில் பிறந்த பார்சி. குஜராத்திகளிடமும் பார்சிகளிடமும் காந்தி என்ற குடும்பப் பெயர் உண்டு. இந்திராவுடன் கல்யாணம் 1942 மார்ச்சில், அலகாபாத்தில். தமிழர்கள் அவரை நினைவில் வைக்க வேறு காரணம் உண்டு. தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் எல்ஐசி பணம் போட்ட விவகாரத்தை 1957 டிசம்பரில் மக்களவையில் கிளப்பியவர் அவர். நீதிபதி சாக்ளாவின் விசாரணைக்குப் பின் 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். மாமனார் நேரு பிரதமர், மருமகன் ஆளுங்கட்சி எம்.பி. என்பதை நினைத்தால் இன்றைக்குக் கற்பனைகூட செய்ய முடியவில்லை.

நேரு படித்தது இயற்பியலா?
- அதே வாசகி

கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் வேதியியல், நிலவியல், தாவரவியல். 1910இல் இரண்டாம் வகுப்பில் தேறினார். பேரன் ராஜீவ் அதே கல்லூரியில் இன்ஜினியரிங் சேர்ந்து, பட்டம் வாங்காமல் திரும்பி, இந்தியன் ஏர்லைன்ஸில் விமானம் ஓட்டப் போனார்.