தட்டுப்போல் நிற்கும் பாவாடையை ‘அசல் 1841’ என்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. லண்டனில் பாலே பயில்கிறாள். பள்ளி விழாவில் ‘ஜிசெல்’ நாட்டியத்தின் இரண்டாம் அங்கத்திலிருந்து ஒரு பகுதியை ஆடுகிறாள். ‘காலத்துக்கு ஏற்ற உடை கட்டாயம்’ என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உடை ஏற்பாடு செய்து தரும் ஒருவர், இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல் நீட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளை டுட்டு (பாலே பாவாடை) ஒன்றைக் காட்டி, ‘அசல் 1841 பாணி, பழைய அரங்கிலிருந்து வந்தது’ என்று 420 பவுண்டு கேட்கிறார். ‘ஸ்வான் லேக்’ ஆடினாலும் இதுவே போதும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் காட்டுவது நல்ல உடையாகக்கூட இருக்கலாம். ஆனால் அது ஜிசெல்லுக்கு உரியதும் அல்ல, 1841ஐச் சேர்ந்ததும் அல்ல. தட்டுப்போல் விறைத்து நிற்கும் டுட்டு இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. அடுக்குகளுக்கு நடுவே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் வட்டமாக ஒரு கம்பி ஓடும். தட்டைத் தாங்குவது அந்தக் கம்பிதான்.

பள்ளிக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘காலத்துக்கு ஏற்ற’ என்றால் எந்தக் காலம்? கதை நடக்கும் காலமா, நாட்டியம் முதலில் மேடையேறிய காலமா? ஒரு வரி கூடுதலாக எழுதினால் யாருடைய விரலும் தேய்ந்துவிடாது. ஆண்டுதோறும் இதே கடிதம் வருகிறது, ஆண்டுதோறும் பெற்றோர் தரகர்களிடம் ஓடுகிறார்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பதிலை நானே சொல்கிறேன். பாலே உடையில் கதையின் காலம் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் இருக்கும். உடல்வாகும் இடுப்புக் கோடும் தலைவாரலும் அதைத் தைத்த ஆண்டின் நாகரிகத்தைத்தான் காட்டும். ஜிசெல் கதை ரைன் நதிக்கரைக் கிராமம் ஒன்றில் ஏதோ பழங்காலத்தில் நடக்கிறது. ஆனால் 1841 ஜூன் 28 அன்று பாரிஸில் கார்லோட்டா கிரிசி அதை முதன்முதலாக ஆடியபோது, அவர் உடையின் அடிப்படை வெட்டு அன்றைய பாரிஸ் பெண்களின் உடையை ஒட்டியதுதான்.

அந்த வெட்டுக்கு வழிகாட்டியது 1832இல் மரி தாலியோனி என்ற நர்த்தகி ஆடிய ‘லா சில்ஃபிட்’ நாட்டியம். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸ் பெண்களின் இடுப்புக் கோடு மார்புக்குக் கீழேயே இருந்தது. உடை நேராகத் தொங்கியது. 1830களில் இடுப்பு தன் இடத்துக்கு இறங்கி, இறுக்கப்பட்டு, கீழே பாவாடை மணிபோல் விரிந்தது. கழுத்து வெட்டு தோள் முனைவரை அகன்றது. தலையை நடுவகிடு எடுத்து, காதை மூடும்படி படிய வாரி, பின்னால் கொண்டை போட்டார்கள். அந்த நடன விருந்து உடையிலிருந்து சரிகையையும் பூவேலையையும் எடுத்துவிட்டு, பட்டுக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி போட்டு, நுனிவிரலில் நிற்கும் பாதம் தெரியும்படி கெண்டைக்கால் உயரத்துக்கு வெட்டிப் பாருங்கள், தாலியோனியின் உடை வந்துவிடும். எரிவாயு விளக்கின் மங்கல் ஒளியில் அந்த வெள்ளை, நிலவில் மிதக்கும் ஆவிபோலத் தெரிந்தது. ஜிசெல்லின் இரண்டாம் அங்கத்தில் ஆடுபவர்களும் ஆவிகள்தானே. அதனால் அதே வெள்ளை, அதே மணிப் பாவாடை.

இன்றும் ஜிசெல் ஆடும் பெண்கள் காதை மூடித் தலை வாருகிறார்கள். ஏன் என்று கேட்டால் பல ஆசிரியர்கள் ‘அது மரபு’ என்று நிறுத்திக்கொள்வார்கள். 1830களின் பாரிஸ் வரவேற்பறையில் இருந்த தலைவாரல் அது, அவ்வளவுதான்.

‘ஸ்வான் லேக்’ வேறு ஊர், வேறு காலம். இன்று ஆடப்படும் வடிவம் 1895இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் உருவானது. அதில் ஆடிய பியரினா லென்யானியின் புகைப்படங்கள் கிடைக்கின்றன. இடுப்பை இறுக்கும் கார்செட் என்ற உள்ளுடை, குளவி இடுப்பு, முழங்காலை ஒட்டி உப்பிக் கீழே சரியும் பாவாடை. 1890களின் சீமாட்டி குட்டைப் பாவாடை போட்டதுபோல் இருக்கும். அதிலும் தட்டு இல்லை! பாவாடை பிறகுதான் குறுகிக் குறுகி மேலே ஏறி, கம்பி சேர்ந்து, தட்டாயிற்று. அந்தக் கம்பிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் தொல்லை தாங்காமல், 1950இல் நியூயார்க்கில் கரின்ஸ்கா என்ற தையற்கலைஞர் கம்பியே இல்லாத, பவுடர் பஞ்சுபோல் புசுபுசுவென்று நிற்கும் டுட்டுவை நடன அமைப்பாளர் பாலன்சீனின் குழுவுக்குத் தைத்தார். ஆக, உங்கள் ஆள் காட்டும் தட்டு டுட்டு இன்றைய ஸ்வான் லேக்குக்கு ஆகும். ஜிசெல்லுக்கு ஆகாது.

ஆண்களின் உடை, பதினான்காம் லூயியின் அரசவை, இடுப்பின் இருபுறமும் கூடை கட்டிய பாவாடைகள் எல்லாம் தனிக் கதை. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

ஆனால் ஒரு விதிவிலக்கை விட முடியாது, ஏனென்றால் அடுத்து அதைக் காட்டித்தான் உங்களிடம் பணம் கேட்பார்கள். ‘தட்டு வேண்டாம், நீளப் பாவாடை கொடுங்கள்’ என்றதும் அவர் உள்ளே போய் நீள வெள்ளை உடை ஒன்றை எடுத்து வந்து, ‘இது சில்ஃபிட் உடை, தாலியோனி அணிந்தது’ என்பார். எந்த சில்ஃபிட் என்று கேளுங்கள். ‘லா சில்ஃபிட்’ ஒன்று, ‘லே சில்ஃபிட்’ இன்னொன்று. முன்னது 1832, தாலியோனி, ஸ்காட்லாந்தில் நடக்கும் கதை. பின்னதில் கதையே கிடையாது. ஷோப்பான் இசைக்கு ஃபோகின் அமைத்த நடனம், 1909இல் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு பாரிஸில் ஆடியது. 1909இல் பாரிஸ் பெண்கள் மணிப் பாவாடையை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய தொப்பியும் ஒடுங்கிய நேர்ப் பாவாடையுமாகத் திரிந்தார்கள். அதற்கு உடை வரைந்த ஓவியர் பெனுவா வேண்டுமென்றே எழுபது எண்பது ஆண்டு பின்னால் போய், தாலியோனியின் படங்களை மனத்தில் வைத்து அந்த உடையை வரைந்தார். அதாவது தைத்த ஆண்டின் நாகரிகத்தைக் காட்டாமல், கடந்துபோன நாகரிகத்தின் மேலிருந்த ஏக்கத்தைக் காட்டும் உடை அது. நான் மேலே சொன்ன விதி இங்கே உடைகிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், முப்பது ஆண்டுகளாக மேடை உடை தைக்கும் எனக்கே தொங்கவிட்ட நிலையில் பார்த்தால் சில சமயம் குழம்பும். இரண்டில் எது கிடைத்தாலும் உங்கள் மகள் ஆடலாம். ‘தாலியோனி’ என்ற பெயருக்காக ஒரு காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த ஆண்டே அதே குழு ‘ஷெஹரசாத்’ என்ற பாலேயைக் கொண்டுவந்தது. ஓவியர் பாக்ஸ்ட் தீட்டிய ஆரஞ்சும் நீலமும் தலைப்பாகையும் தொளதொளக் காற்சட்டையும் மேடையிலிருந்து இறங்கிப் பாரிஸ் பெண்களின் அலமாரிக்குள் புகுந்தன. எப்போதும் தெருவைப் பார்த்து மேடை தைத்தது, அப்போது மேடையைப் பார்த்துத் தெரு தைத்தது.

‘பழைய அரங்கிலிருந்து வந்தது’ என்பதைச் சோதிப்பது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாவாடைகள் டார்லட்டன் என்ற கஞ்சி போட்ட பருத்தித் துணியில் தைக்கப்பட்டவை. இன்று எங்காவது மிஞ்சியிருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்குமே தவிர, 13 வயதுப் பெண் அணிந்து குதிக்கும் நிலையில் இருக்காது. அவரிடம் இருப்பது நைலான் வலைத்துணியாகத்தான் இருக்கும். நைலான் சந்தைக்கு வந்ததே 1930களின் இறுதியில். அவர் அனுமதித்தால் உள்ளடுக்கில் ஒரே ஒரு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தியானால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், நைலான் உருகிச் சின்னக் கெட்டி மணியாகச் சுருளும். உடையைத் தீயருகே கொண்டுபோக வேண்டாம். 1862இல் எம்மா லிவ்ரி என்ற இளம் நர்த்தகியின் பாவாடை ஒத்திகையின்போது எரிவாயு விளக்கில் பட்டுத் தீப்பிடித்தது. மறு ஆண்டு அவர் இறந்தார். தீப்பிடிக்காதபடி மருந்தில் நனைத்த துணி அப்போதே இருந்தது. அழகு கெடுகிறது என்று அவர் அதை மறுத்திருந்தார்.

‘அசல்’ என்ற சொல்லுக்கு மயங்குவது நமக்குப் புதிதில்லை. பரதநாட்டியத்தின் விசிறி மடிப்புத் தையல் உடையைக் கோயில் சிற்பத்திலிருந்து இறங்கி வந்ததாக நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ருக்மிணி தேவி அருண்டேல் 1930களில் மாற்றியமைத்த உடையின் வழிவந்தது. அவரே ரஷ்ய பாலே நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் பாலே பயின்றவர்.

இனி என்ன செய்வது? பட்டுப் பாவாடைக்குச் சீராகச் சுருக்குப் பிடிக்கத் தெரிந்த தையற்காரர் அருகில் இருந்தால் போதும். இடுப்பெலும்புவரை ஒட்டிப் படியும் பட்டி ஒன்று, அதன் கீழ்விளிம்பிலிருந்து நாலைந்து அடுக்கு வெள்ளை வலைத்துணி. மேலடுக்கு மிருதுவாகவும் உள்ளடுக்குகள் சற்று விறைப்பாகவும் இருக்கட்டும். நீளம் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே. ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம். வலைத்துணி பிரியாது, மடித்தால் கனத்துத் தொங்கும். மேலே உடம்போடு ஒட்டிய வெள்ளை ரவிக்கை, பின்னால் கொக்கி. ஜிப் போட்டால் குனியும்போது புடைத்துக்கொண்டு நிற்கும். ஆசிரியர் கேட்டால் மட்டும் பின்னிடுப்பில் இரண்டு சின்னச் சிறகுகள். தலை நடுவகிடு, காதை மூட வேண்டும். ‘எங்கள் ஆளிடம்தான் வாங்க வேண்டும்’ என்று பள்ளி சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், ரசீதில் ‘1841ஆம் ஆண்டுப் பாணி, பழைய அரங்க உடை’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார். அப்போதே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.