வாசகர் கேள்வி-பதில்: ஓடிக்கொண்டிருக்கும் இசைநாடகம் அரங்கு மாறுவது ஏன்?

கேள்வி: மகளைப் பார்க்க நியூயார்க் சென்றிருந்தபோது அங்குள்ள நாடக அரங்கு வட்டாரமான பிராட்வேயின் வின்டர் கார்டன் அரங்கில் ‘மம்மா மியா!’ இசைநாடகத்தைப் பார்த்தோம். பல ஆண்டுகள் அதே அரங்கில் ஓடி, பிறகு வேறு அரங்குக்குப் போய் அங்கே முடிந்த நாடகம், இப்போது பழைய இடத்துக்கே திரும்பியிருக்கிறது என்று மகள் சொன்னாள். நன்றாக ஓடும் நாடகத்தை எதற்காக இடம் மாற்றுகிறார்கள்? (மதுரை வாசகி)

பதில்: உங்கள் மகள் சொன்னது சரியே. 2001 அக்டோபரில் வின்டர் கார்டனில் தொடங்கிய அந்த நாடகம் 2013 அக்டோபர் வரை அங்கே ஓடியது. இரண்டு வார இடைவெளிக்குப் பின், நவம்பர் தொடக்கத்தில், சற்றே சிறிய பிராட்ஹர்ஸ்ட் அரங்கில் மீண்டும் திரை உயர்ந்தது. ‘ராக்கி’ என்ற புதிய இசைநாடகம் வரவிருந்ததே காரணம். அதன் இறுதிக் காட்சியில் குத்துச்சண்டை மேடை பார்வையாளர் பகுதிக்குள்ளேயே நகர்ந்து வரும். முன்வரிசைக்காரர்களை எழுப்பி மேடைமேல் போட்ட இருக்கைகளில் உட்கார வைப்பார்கள். இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குப் பெரிய அரங்கு தேவைப்பட்டது.

‘நன்றாக ஓடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அங்கேதான் இருக்கிறது. வின்டர் கார்டனில் ஏறத்தாழ 1,500 இருக்கைகள். பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சிகள் என்பது வழக்கம். அப்படியானால் வாரந்தோறும் 12,000 பேர் வந்தாக வேண்டும். பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு நாடகத்துக்கு அத்தனை பேரை முழு விலையில் வரவழைப்பது கடினம். காலியாகும் இருக்கைகளைத் தள்ளுபடியில் விற்க நேரும், அந்தத் தள்ளுபடியை எதிர்பார்த்தே மக்கள் காத்திருக்கவும் தொடங்குவார்கள். 1,200-க்கும் குறைவான இருக்கைகள் கொண்ட பிராட்ஹர்ஸ்டில் அதே கூட்டம் அரங்கை நிறைத்துவிடும். ஒவ்வோர் அரங்கிலும் குறைந்தது எத்தனை இசைக்கலைஞர்கள் வாசிக்க வேண்டும் என்பதை அவர்களது சங்கத்துடனான ஒப்பந்தம் அரங்கின் பெயரைச் சொல்லியே வரையறுப்பதால், சிறிய அரங்கில் அந்தச் செலவும் பொதுவாகக் குறையும்.

நம் ஊர் மல்டிபிளெக்ஸில் புதுப்படம் வந்ததும் பழைய படத்தைச் சிறிய திரைக்கு மாற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோக்கம் அதுதான், உழைப்புதான் வேறு: நாடகத்தில் மேடையமைப்பையும் விளக்குகளையும் ஒலிக்கருவிகளையும் கழற்றி, புதிய மேடையின் அளவுக்கேற்பத் திருத்தி, நடிகர்களின் அசைவுகளை மறுபடி ஒத்திகை பார்த்தாக வேண்டும்.

இடம் பிடித்த ‘ராக்கி’ 2014 மார்ச்சில் தொடங்கி அதே ஆண்டு ஆகஸ்டில் முடிந்துவிட்டது. இடம் கொடுத்த ‘மம்மா மியா!’ அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் ஓடி, மொத்தம் 5,758 காட்சிகளுடன் 2015 செப்டம்பரில் நிறைவுற்றது. நீங்கள் பார்த்தது 2025 ஆகஸ்டில், சில மாதங்களுக்கு மட்டும் என்று அறிவித்துக்கொண்டு திரும்பி வந்த காட்சி.

கேள்வி: அரங்கை மாற்றச் சொல்வது யார்? தயாரிப்பாளர் மறுக்க முடியாதா? (திருச்சி வாசகர்)

பதில்: பிராட்வேயில் நாடகத் தயாரிப்பாளர் பெரும்பாலும் வாடகைக்காரர்தான். 41 அரங்குகளில் பெரும்பாலானவை ஷூபர்ட், நெடர்லாண்டர் போன்ற சில நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. ஷூபர்ட்டிடம் மட்டும் 17 உள்ளன. வாடகையோடு வசூலில் ஒரு பங்கும் அரங்க உரிமையாளருக்குப் போவதால், வசூல் மெலிந்தால் அவருக்கும் நட்டம். ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: வார வசூல் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே தொடர்ந்து சில வாரங்கள் இறங்கினால், வெளியேறச் சொல்லும் உரிமை அரங்க உரிமையாளருக்கு வந்துவிடும்.

இந்த நிபந்தனை எவ்வளவு கறாரானது என்பதை 2019-இல் ‘பீட்டில்ஜூஸ்’ நாடகம் அனுபவித்தது. அந்த ஏப்ரலில், அதே வின்டர் கார்டனில் தொடங்கிய அது முதலில் தடுமாறியது. பிறகு டிக்டாக் வழியாக அதன் பாடல்கள் இளைஞர்களிடையே பரவ, வசூல் வேகமாக ஏறியது. ஆனால் அதற்கு முன் வசூல் இறங்கிய வாரங்கள் ஒப்பந்தப்படி கணக்கில் வந்துவிட்டிருந்தன; ஹியூ ஜாக்மன் நடிக்கும் ‘தி மியூசிக் மேன்’ அரங்குக்காகக் காத்திருந்தது. டிசம்பரில், 2020 ஜூனில் வெளியேற வேண்டும் என்ற செய்தி வந்தது. நலிந்தபோது பொறுத்திருந்துவிட்டு எழுந்து நிற்கும்போது வெளியேற்றுவது நியாயமா என்று இரசிகர்கள் கொதித்தார்கள். அரங்க உரிமையாளரின் கணக்குப்படி அது தவறான முடிவு என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம். ஜாக்மன் போன்ற நட்சத்திரத்தைக் காத்திருக்கச் சொல்லும் உரிமையாளர் அரிது.

அந்த ஜூன் வருவதற்குள் பெருந்தொற்று மார்ச்சிலேயே எல்லா அரங்குகளையும் மூடிவிட்டது. 2022 ஏப்ரலில் ‘பீட்டில்ஜூஸ்’ மார்க்கி அரங்கில் மறுபிறவி எடுத்து 2023 ஜனவரி 8 வரை ஓடியது. அதை வெளியேற்றிய ‘தி மியூசிக் மேன்’ முடிந்தது ஜனவரி 15 அன்று. ஒரே ஒரு வாரந்தான் வித்தியாசம்.

கேள்வி: அரங்கு மாறுவது ஒரு நாடகத்தின் இறங்குமுகத்துக்கு அடையாளம் என்று கொள்ளலாமா? (கோவை வாசகர்)

பதில்: சில நாடகங்களுக்கு அப்படி அமைந்ததுண்டு, ஆனால் பெரிய வெற்றிகளின் வரலாறு வேறு விதமாகவே இருக்கிறது. ‘தி லயன் கிங்’ 1997 முதல் நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்னி நிறுவனம் தன்னுடைய மற்றொரு தயாரிப்பான ‘மேரி பாப்பின்ஸ்’ நாடகத்துக்காக 2006 ஜூனில் அதை மின்ஸ்காஃப் அரங்குக்கு மாற்றியது. ‘மேரி பாப்பின்ஸ்’ 2013-இல் முடிந்துவிட்டது. ‘தி லயன் கிங்’ இன்றும் மின்ஸ்காஃபில் நடக்கிறது. 1996-இல் மீண்டும் மேடையேற்றப்பட்ட ‘சிகாகோ’ 1997-இலும் 2003-இலும் என இருமுறை அரங்கு மாறி, அம்பாசடர் அரங்கில் இன்றும் ஓடுகிறது. இருமுறையும் மாற மறுத்திருந்தால் அது இவ்வளவு காலம் தாக்குப் பிடித்திருக்குமா என்பது ஐயமே.

மறுமுறை மாறாமலே முடிந்த நாடகத்தின் கதையும் உண்டு. டிஸ்னியின் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ 1999-இல் ‘ஐடா’வுக்காக பேலஸ் அரங்கைவிட்டு லண்ட்-ஃபான்டேன் அரங்குக்குப் போனது. 2007-இல் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ அந்த அரங்குக்கு வந்தபோது வேறிடம் தேடப்படவில்லை; 5,461 காட்சிகளோடு மூடப்பட்டது. புதிய நாடகமோ 2009-க்கு மேல் நிற்கவில்லை.

இலண்டனில் அரங்க உரிமையாளரே தயாரிப்பாளராகவும் இருப்பதுண்டு. ‘மம்மா மியா!’ அங்கே பிரின்ஸ் எட்வர்ட், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், நொவெல்லோ என்று மூன்று அரங்குகளைக் கண்டது; மூன்றும் கேமரன் மெக்கின்டாஷின் நிறுவனத்தைச் சேர்ந்தவை. 2004-இல் அது பிரின்ஸ் எட்வர்டை விட்டது, மெக்கின்டாஷ் டிஸ்னியோடு சேர்ந்து தயாரித்த ‘மேரி பாப்பின்ஸ்’ வருவதற்காக. ஆக, இலண்டனிலும் நியூயார்க்கிலும் மிகப் பெரிய நாடகங்களை எழுப்பிவிட்ட பெருமை குடையேந்திய செவிலித்தாயான மேரி பாப்பின்ஸுக்கு உண்டு.

இடம்பெயர்ந்தவர் வஞ்சம் தீர்க்க முயன்ற வேடிக்கையும் நடந்திருக்கிறது. ‘42ஆம் தெரு’ நாடகம் 1987-இல் மஜெஸ்டிக் அரங்கைக் காலி செய்து எதிர்ச்சாரியிலிருக்கும் செயின்ட் ஜேம்ஸ் அரங்குக்குப் போனது. மஜெஸ்டிக்கில் ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ 1988 ஜனவரியில் தொடங்கி 35 ஆண்டுகள் ஓடியது. ‘ஃபேன்டம்’ டிக்கெட் கிடைக்காமல் ஏமாந்து தெருவில் நிற்பவர்களைப் பிடிப்பதற்காக, தயாரிப்பாளர் டேவிட் மெரிக் தம் நாடகத்தை 8 மணிக்குப் பதிலாக 8.15 மணிக்குத் தொடங்கினார். உத்தி நல்லதுதான், ஆனாலும் அந்த நாடகம் 1989 ஜனவரியில் முடிந்துவிட்டது.

கேள்வி: ஏ.ஆர். ரஹ்மானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ நாடகத்துக்காகவும் யாராவது இடம் மாறினார்களா? (சென்னை வாசகி)

பதில்: இலண்டனில் அது 2002 ஜூனில் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் தொடங்கியது. அதற்கு முன் அங்கே 1984 முதல் நடந்துவந்த ‘ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்’ இடம் மாறவில்லை. 2002 ஜனவரியில் முடிந்தது. நடிகர்கள் சக்கரக் காலணி அணிந்து பார்வையாளர்களைச் சுற்றி ஓடுவதற்காக அரங்கின் உட்புறத்தையே ஓடுபாதைகளால் மாற்றியமைத்திருந்தார்கள். அத்தகைய நாடகத்தைக் கழற்றி இன்னோர் அரங்கில் பொருத்துவது எளிதன்று.

நியூயார்க்கில் 2004-இல் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ வந்தது பிராட்வே என்ற பெயரையே கொண்ட அரங்குக்கு. அந்த அரங்கிலும் முன்பொரு இடமாற்றம் நடந்ததுண்டு: 1990-இல் ‘லே மிசராப்ல’ அதைக் காலி செய்து, அடுத்து வரவிருந்த ‘மிஸ் சைகோன்’ நாடகத்துக்கு வழிவிட்டு இம்பீரியல் அரங்குக்குப் போயிருந்தது. இரண்டுக்குமே தயாரிப்பாளர் மேலே சொன்ன மெக்கின்டாஷ்தான். ‘மிஸ் சைகோன்’ 2001 வரையிலும், இடம் மாறிய ‘லே மிசராப்ல’ 2003 வரையிலும் ஓடின. ரஹ்மானின் நாடகம் 2005 ஜனவரி 1 அன்று பிராட்வே அரங்கில் நிறைவுற்றது.