காதல் வந்த பிறகும் புகார் தொடரட்டும்

கேள்வி: எனக்கு 36 வயது. பினாங்கில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 22 கட்டில்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் தன் அம்மாவின் முதுகில் படுக்கைப்புண்ணைப் பார்த்துவிட்டு வந்து சத்தம் போட்டார். பக்கவாதம் வந்த அம்மா. பேச்சு சரியாக வராது, நாம் சொல்வது புரியும். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்புறம் அவரும் நானும் இன்னும் சில குடும்பங்களும் முதலாளியிடம் பேசி, இரவு வேலைக்கு இன்னோர் ஆள், ஏர் மெத்தைகள், ஒவ்வொரு கட்டிலுக்கும் எப்போது புரட்டிப் படுக்கவைத்தார்கள் என்று குறிக்கும் சார்ட் எல்லாம் கொண்டுவந்தோம். அந்த வேலையில்தான் பழகினோம், இப்போது விரும்புகிறோம். முதலாளிக்குத் தெரியாது. போன மாதம், அதிகாலை நான்கு மணிக்குப் போட வேண்டிய டிக்கை முந்தின இரவே போட்டுவைத்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். எனக்குப் பிரச்சினை வரக்கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் அன்பை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். இப்போது, கல்யாணம் செய்துகொண்டு அம்மாவை பட்டர்வொர்த் வீட்டுக்கே அழைத்துப் போகலாம், நீ வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள் என்கிறார். விடலாமா?
– பெயர் வேண்டாம், ஜெலுத்தோங்

பதில்: சகோதரி, கல்யாணம் செய்துகொள்ளுங்கள். ஒரு நல்ல காரியத்துக்காகச் சேர்ந்து உழைத்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விரும்புவதில் மறைக்க எதுவும் இல்லை. வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

அந்த டிக்கைப் பார்த்தும் அவர் பேசாமல் இருந்ததை அன்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. புரட்டிப் படுக்கவைக்காமலே புரட்டியதாகக் குறிப்பது எவ்வளவு பெரிய தவறு என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அசைய முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது வழக்கம். தவறினால், எலும்பு மெத்தையில் அழுந்தும் இடங்களில் – இடுப்புக்குக் கீழே, பிட்டத்து ஓரம், குதிகால் – ரத்த ஓட்டம் நின்று சதை கெட ஆரம்பிக்கிறது. முதல் அடையாளம், விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. நம் ஆட்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு பல நேரம் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். இது தெரியாத ஆள் 'ஒன்றும் இல்லை' என்று போய்விடுவார். சர்க்கரை வியாதி உள்ளவர் என்றால் வந்த புண் ஆறுவதும் பெரும்பாடு. ஏர் மெத்தை போட்டாயிற்று, இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மெத்தை உதவி செய்யும், ஆள் செய்கிற வேலையைச் செய்யாது.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் சத்தம் போட்டதால் 22 கட்டிலுக்கும் நன்மை வந்தது. போன மாதம் அவர் வாயை மூடிக்கொண்டதால் 22 கட்டிலுக்கும் கேடு. அவருடைய அம்மாவுக்காவது தினமும் பார்க்க வருகிற மகன் இருக்கிறார், விரும்புகிற சூப்பர்வைசர் இருக்கிறார். பக்கத்துக் கட்டிலில், தீபாவளிக்குக்கூட யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பாட்டி இருந்தால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பாட்டியின் சார்ட்டிலும் அதே கை, அதே பேனாவால்தானே டிக் போட்டிருக்கும்? நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் அவரைக் காப்பாற்ற ஆள் இல்லை. எனக்குப் பட்டது இதுதான். கடுமையாகத் தோன்றினாலும் சொல்லிவிட்டேன்.

அதனால் இந்த வாரமே, அவர் பார்த்ததை அவரே எழுதிக் கொடுக்கட்டும். நீங்களே வாங்கி முதலாளியிடம் கொண்டு போங்கள். டிக் போட்ட ஆளைத் திட்டி வெளியே அனுப்புவதோடு முடித்துவிடாதீர்கள். அவர் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்தாரா, அன்றிரவு இன்னொரு ஆள் வந்தாரா, கனமான ஒருவரைத் தனியாகப் புரட்டச் சொன்னார்களா என்று கேளுங்கள். பெட்ஷீட்டில் பிடித்து இரண்டு பேர் தூக்கிப் புரட்ட வேண்டியவரை ஒருவர் இழுத்துப் புரட்டினால் அந்த உராய்விலேயே தோல் கிழியும், இழுத்தவர் முதுகும் போய்விடும். நம் இல்லங்கள் பலவற்றில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்த பிள்ளைகள். வலிக்கிறது, தாகமாக இருக்கிறது என்று நம் பெரியவர் தமிழில் முனகினால் அவர்களுக்குப் புரிவதில்லை. மறதி நோய் முற்றும்போது, வாழ்நாளெல்லாம் நன்றாக மலாய் பேசியவர்கள்கூடத் தாய்மொழிக்கே திரும்பிவிடுவது உண்டு. உங்களைப் போன்ற ஒரு தமிழ் சூப்பர்வைசர் அங்கே எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வேலையை விடுகிற விஷயம். அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற அவர் ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பெற்றவளை இல்லத்தில் விட்ட மகன் என்று சொந்தக்காரர்கள் சொல்லும் சொல் நம்மிடையே சாதாரணமானது அல்ல. கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், எங்கே போனாலும் துரத்தும். அந்த உறுத்தல் அவருக்கு இருக்கும். ஆனால் அவர் உறுத்தல் தீர உங்கள் உழைப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்குப் போடுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு நாளைக்கு 12 தடவை. அதோடு பம்பர்ஸ் மாற்றுவது, குளிப்பாட்டுவது, உட்காரவைத்து மெதுவாக ஊட்டுவது, ஊட்டியதும் உடனே படுக்கவைக்காமல் அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திருப்பது. இல்லத்தில் பல கைகள் மாறி மாறிச் செய்வதை வீட்டில் நீங்கள் ஒருவரே செய்வீர்கள், சம்பளம் இல்லாமல், லீவு இல்லாமல், இ.பி.எஃப். என்ற ஓய்வுக்காலச் சேமிப்பைக் கட்ட முதலாளி இல்லாமல். 36 வயதில் நிற்கும் சேமிப்பை 55 வயதில் யார் வந்து நிரப்புவார்கள்? உங்களுக்கும் முதுமை வரும் சகோதரி.

அவரிடம் நேராகக் கேளுங்கள்: "அம்மா வீட்டுக்கு வந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் யார் எழுந்திருப்பது?" உடனே "நான்தான்" என்றால், கல்யாணத்துக்கு முன்பே இல்லத்துக்கு வந்து உங்கள் தாதியரிடம் புரட்டவும் பம்பர்ஸ் மாற்றவும் கற்றுக்கொள்ளட்டும். மகன் தாய்க்குச் செய்வதில் கூச்சம் இருக்கும். சில நாளில் போய்விடும். தயங்கினால், யார் செய்ய வேண்டும் என்று அவர் மனத்தில் வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். வீட்டுக்கு அழைத்துப் போவது என்று இருவருமாக முடிவு செய்தால், அரசு கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கும் டோமிசிலியரி சேவைக்கு உங்கள் பகுதியில் வழி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பவருக்குச் சமூக நல இலாகாவின் மாத உதவித்தொகையும் உண்டு, வருமான நிபந்தனையோடு. அவர் சம்பளத்திலிருந்து பகல் நேரத்துக்கு ஓர் ஆள் வைக்க முடியுமா என்பதையும் பேசுங்கள். உங்கள் வேலை கடைசியாகத்தான் அந்தப் பேச்சில் வர வேண்டும்.

முதலாளியிடம் காதலைச் சொல்லிவிடுங்கள், எழுத்திலேயே. நீங்கள் விரும்புகிறவருடைய அம்மா சம்பந்தப்பட்ட முடிவுகளை இன்னொரு தாதி எடுக்கட்டும். அப்படிச் செய்தால்தான் நாளைக்கு அவர் புகார் சொன்னாலும் அதற்கு மதிப்பு இருக்கும், நீங்கள் நடவடிக்கை எடுத்தாலும் ஓரவஞ்சனை என்று யாரும் சொல்ல முடியாது. நடத்துகிறவர்களை இல்லத்தைச் சமூக நல இலாகாவில் பதியச் சொல்லும் பராமரிப்பு மையச் சட்டம் 1993லேயே இருக்கிறது. தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கென்றே 2018இல் இன்னொரு சட்டமும் அரசிதழில் வந்தது. 2030இல் நாட்டில் நூற்றுக்குப் பதினைந்து பேர் 60 வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்பது கணிப்பு. சட்டம் எழுதியாயிற்று, கட்டிலருகே நின்று அதை நடத்திக்காட்ட வேலை தெரிந்தவர்கள் வேண்டும். நீங்கள் அப்படிப்பட்டவர்.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் அந்த அம்மா என்ன விரும்புகிறார் என்று ஒரு வரி இல்லை. பேச்சு வராது, புரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தலையாட்டிப் பதில் சொல்லும்படி ஒவ்வொரு கேள்வியாக: வீட்டுக்குப் போக ஆசையா? இங்கேயே இருக்கப் பிடிக்கிறதா? நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதில் சம்மதமா? உங்களைக் குளிப்பாட்ட மகன் வரலாமா? ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுங்கள். அடுத்த நாளும் அதே கேள்விகளைக் கேட்டு, அதே பதில் வருகிறதா என்று பாருங்கள். அதுவரை பட்டர்வொர்த் வீட்டில் கட்டில் வாங்க வேண்டாம்.