பதம் வந்ததும் இறக்கவும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஐடி நிறுவனத்தில் ஒரே வாடிக்கையாளருக்காக ஆறு டீம்கள் வேலை செய்கின்றன. போன வருடம் ஒரு டீம் மூன்று வாரம் மல்லுக்கட்டித் தீர்த்த கோளாறை, இந்த வருடம் பக்கத்து டீம் முதலிலிருந்து மல்லுக்கட்டித் தீர்த்தது. தெரிந்ததை எல்லோரும் எழுதிவைக்க விக்கி என்று ஒரு பொதுத் தளம் இருக்கிறது, எழுதுவாரும் இல்லை, படிப்பாரும் இல்லை. வேறு மென்பொருளுக்கு மாறலாமா? எழுதுபவர்களுக்குப் பரிசு வைக்கலாமா? எல்லாம் தெரிந்த பையன் ஒருவன் வேறு இன்னும் பத்து நாளில் விலகுகிறான். படிவம் கொடுத்து முறையாகக் கேடி (KT, தெரிந்ததை அடுத்தவருக்குக் கைமாற்றும் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

கே., சென்னை

அன்புள்ள கே.,

மென்பொருள் எதுவானாலும் சரி, தேடினால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். பரிசு வைத்தால் பரிசுக்கு எழுதுவார்கள். விடுங்கள். உங்கள் கடைசி வரிதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படிவத்தை நானும் ஒரு காலத்தில் நீட்டியிருக்கிறேன்.

சர்க்கரை ஆலை ஒன்றில் இளநிலைப் பொறியாளனாக இருந்தேன். எங்கள் பான்மேன், அதாவது பாகு காய்ச்சுபவர், கொதிக்கிற பாகில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுப்பார். 'ம்' என்பார். ஓய்வு பெறும் வாரம், செயல்முறையை எழுதுங்கள் என்று படிவம் கொடுத்தேன். முழுப் பக்கம் இடம் இருந்தும் ஒரே வரி எழுதினார்: 'பதம் வந்ததும் இறக்கவும்.' கிண்டல் என்று நினைத்துக் கோபப்பட்டேன். பாவம், மனுஷர் நேர்மையாகத்தான் எழுதியிருந்தார். அடுத்த மாதமே சர்க்கரை மணி சீராக விளையாமல் பாகை மறுபடி கரைத்தோம்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. டபிள்யூ 76 என்ற அணு ஆயுதத்துக்குள் ஃபாக்பேங்க் என்று ஒரு ரகசியப் பொருள். 2000க்குப் பிறகு ஆயுதத்தைப் புதுப்பிக்கப் போனால், 1980களில் அதைச் செய்த விதத்துக்குப் பதிவுகள் சொற்பம். செய்தவர்களில் அநேகமாக எல்லோரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பெரும் செலவில் மறுபடி செய்தால் பழையபடி வரவில்லை. கடைசியில் பிடிபட்டது என்ன தெரியுமா? பழைய மூலப்பொருளில் ஓர் அழுக்கு இருந்திருக்கிறது. சரக்கு சரியாக வந்ததே அதனால்தான். புதிய முறையில் அதைச் சுத்தமாக நீக்கிவிட்டார்கள். அழுக்கின் மகிமை பழைய ஆட்களுக்கே தெரியாது! அவர்களிடம் படிவம் கொடுத்திருந்தால் மட்டும் எழுதியிருப்பார்களா?

தனியாக உட்கார வைத்துக் கேட்டால், தனக்கு என்ன தெரியும் என்று எவனுக்கும் தெரியாது. பக்கத்தில் ஒருவன் தப்பாகச் செய்ய வேண்டும். அப்போதுதான் 'டேய், அது இன்னும் ஆகலடா' என்று வாய் திறக்கும். ஒரு டீமின் ஆளை இன்னொரு டீமுக்கு இரண்டு மாதம் அனுப்பச் சொன்னால் உங்களைப் போன்ற மேனேஜர்கள் பில்லிங், அதாவது வாடிக்கையாளரிடம் வாங்கும் மணிக்கணக்குக் காசு, கெடும் என்பீர்கள். அதே கோளாறுக்கு இரண்டாவது முறை மூன்று வாரம் போனதே, அது எந்தக் கணக்கில் ஏறியது?

பத்து நாள் இருக்கிறது என்கிறீர்கள். படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாளைக் காலையிலேயே அந்தப் பையன் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். கீபோர்டு புதியவன் கையில் இருக்கட்டும்.