பறளியாற்றில் தண்ணீர்மேல் ஓடும் பூச்சியும் தும்பியும் ஒரே இனமா?

இல்லை, இரண்டும் ரொம்ப தூரத்து உறவு. கன்னியாகுமரி மாவட்டத்தில், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே பறளியாற்றில் தண்ணீர்மேல் வழுக்கி ஓடுவது மூட்டைப்பூச்சி இருக்கும் அதே வரிசையை, அதாவது அதே பெரிய பூச்சிப் பிரிவைச் சேர்ந்தது. ஊசிபோன்ற வாயால், தண்ணீரில் விழுந்த பூச்சிகளைக் குத்தி உறிஞ்சும். காலில் நெருக்கமாக மெல்லிய முடிகள் இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. வெயில் நேரத்தில் ஆழமில்லாத இடத்தில் அடிமணலைப் பாருங்கள்: கால்கள் நூல்போல இருந்தாலும், நிழல் வட்டவட்டமாக விழும். கால் அழுத்தி நீர்ப்பரப்பு குழிவதால் வரும் நிழல் அது. சோப்புத் தண்ணீர் கலந்தால் அந்தப் பரப்பு தாங்காது, பூச்சி மூழ்கிவிடும். அதனால் தயவுசெய்து ஆற்றில் துணி துவைக்காதீர்கள்.

தும்பிக்குக் கடித்து மெல்லும் வாய் உள்ளது. பறந்தபடியே கொசுவைப் பிடிக்கும். ஆனால் குஞ்சுப் பருவம் முழுக்கத் தண்ணீருக்குள்தான். மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென நீட்டி, கொசுப்புழுவையும் தலைப்பிரட்டையையும் கவ்வும். மூச்சு விடுவது குடலின் பின்பகுதியால்! அங்கிருந்தே தண்ணீரைப் பீச்சியடித்து முன்னே பாயவும் செய்யும்.

அப்புறம் ஒருநாள் கோரைத்தண்டில் ஏறி, முதுகு வெடித்து வெளியே வரும். காலையில் ஆற்றோரம் போனால் அந்தக் காய்ந்த தோல் ஒட்டியிருக்கும். வெடிப்புக்குள் தெரியும் வெள்ளை நூல்கள் பழைய மூச்சுக்குழாயின் உள்தோல்.