அப்பாவின் நோட்டைத் திறந்து பார்த்தீர்களா?

கேள்வி: எனக்கு வயது 33. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் 8 வருடம் வேலை பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, மளிகைக்கடைக்காரர்கள் கடன் பாக்கியையும் சரக்கு இருப்பையும் செல்போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு ஆப் செய்தேன். கூடச் சேர்ந்து தொடங்கிய நண்பர் ஆறு மாதத்துக்கு முன் மறுபடி வேலைக்குப் போய்விட்டார். என் சேமிப்பு 6 லட்சம் தீர்ந்ததும் வீட்டுப் பத்திரத்தை வைத்து 8 லட்சம் வாங்கினோம். அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பொங்கலுக்கு லாஞ்ச் செய்தோம். முதல் மாதம் 1,400 பேர் டவுன்லோட் செய்தார்கள். இன்று தினமும் பயன்படுத்துவது 11 கடைகள். பெங்களூரில் நான்கு முதலீட்டாளர்களைப் பார்த்தேன், யாரும் பிடி கொடுக்கவில்லை. நம் ஊர்க் கடைக்காரர்களுக்குத் தொழில்நுட்பம் என்றாலே பயம். எங்கள் அப்பாவே 32 வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறார், அவரே இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். அந்தத் தலைமுறையைத் திருத்த முடியாது. இப்போது என் மனைவியின் ஆசிரியர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இன்னும் 5 லட்சம் கடன் வாங்கி, நல்ல டிசைனரை வைத்து ஆப்பை மாற்றி, விளம்பரத்தோடு மறுபடி லாஞ்ச் செய்யலாமா? அல்லது குடும்பத்தோடு பெங்களூருக்கே போய்விடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊரும் ஆப்பின் பெயரும்தான் மாறும். டவுன்லோட் கணக்கு, விட்டுப்போன பார்ட்னர், பிடி கொடுக்காத முதலீட்டாளர், கடைசியில் இன்னொரு கடன் வாங்கலாமா என்று ஒரு கேள்வி. டிசைனரைப் பற்றி அப்புறம் பேசலாம். நான் உங்கள் கடிதத்தில் நின்றுபோன இடம் வேறு.

‘அவரே இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். அந்தத் தலைமுறையைத் திருத்த முடியாது.’

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நீங்கள் ஆப் செய்வது மளிகைக்கடைக்காரர்களுக்கு. 32 வருடம் மளிகைக்கடை நடத்திய ஒருவர் தினமும் ராத்திரி உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவர் உங்கள் ஆப்பைப் பயன்படுத்தவில்லை. இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது, ‘ஏம்ப்பா, உங்களுக்கு இது ஒத்துவரலையா?’ என்று அவரைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவர் சொன்ன காரணத்தை எனக்கு எழுதியிருப்பீர்கள். காரணம் எதையும் காணோம். தீர்ப்பு மட்டும் இருக்கிறது. நான்கு முதலீட்டாளர்களைப் பார்க்க பஸ் ஏறி பெங்களூர் போனவருக்கு, வீட்டிலிருந்து கடை வரைக்கும் நடந்துபோக நேரமில்லையா?

பயம் என்கிறீர்கள். எந்தக் கடைக்காரருக்குப் பயம்? தட்டுத் தராசு போய் எலக்ட்ரானிக் தராசு வந்தபோது பயந்தாரா? 2016-ல் வந்தது யுபிஐ. இன்று பெட்டிக்கடையில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, எவ்வளவு ரூபாய் வந்தது என்று சத்தமாகச் சொல்கிறது. உங்கள் அப்பா கடையிலும் அது இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எப்படி ஏற்றுக்கொண்டார்? பணம் போடுகிற வேலை வாடிக்கையாளருடையது. இவர் எதையும் தொட வேண்டாம், காது கொடுத்தால் போதும். பருப்பை நிறுத்துக்கொண்டே கணக்கு முடிந்துவிடுகிறது. உங்கள் ஆப் அவரிடம் எதைக் கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சாயங்காலம் ஆறரை மணிக்குக் கடையில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் நிற்பார்கள். ஒருவருக்கு அரை லிட்டர் கடலை எண்ணெய், இன்னொருவருக்கு கால் கிலோ வெல்லம். கை முழுக்கப் பிசுக்கு. அந்தக் கையால் செல்போன் திரையைத் தேய்த்தால் அது எங்கே நகரும்? பேனா எழுதும். நோட்டைத் திறந்தால் நூல் வைத்த பக்கம் தானாக வந்து நிற்கும். ‘கோடி வீட்டு அக்கா 140’ என்று எழுத நாலு விநாடி. உங்கள் ஆப்பில் புதிதாக ஒருவரைச் சேர்க்க என்னென்ன வேண்டும்? பெயர், போன் நம்பர், அதற்கு ஒரு ஓடிபி என்று நீங்கள் வைத்திருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. கோடி வீட்டு அக்காவுக்கு அந்த நோட்டில் பெயரே கிடையாது. 20 வருடமாக அவர் கோடி வீட்டு அக்காதான்.

கடன் நோட்டு எனக்கும் தெரியும். நான் வளர்ந்த தெருவில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு சின்ன நோட்டு இருந்தது. பையோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். கடைக்காரர் தன் நீள நோட்டில் ஒருமுறை எழுதுவார், எங்கள் நோட்டிலும் ஒருமுறை எழுதுவார். அம்மா ராத்திரி அதைக் கூட்டிப் பார்ப்பார். ஒரு சமயம் இரண்டு மாதம் பாக்கி கட்ட முடியவில்லை. நான் நோட்டை நீட்டியபோது கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டார், அவ்வளவுதான். அம்மா அதைப் பார்த்தார், புரிந்துகொண்டார், அடுத்த வாரமே பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடையில் நின்ற வேறு யாருக்கும் அந்த வட்டம் தெரியாது.

இதை உங்கள் ஆப் எப்படிச் செய்கிறது? பாக்கி நினைவூட்டும் மெசேஜ் தானாகப் போகும் என்று அதை ஒரு வசதியாகச் சொல்லி விற்றிருப்பீர்கள். எங்கள் தெருக் கடைக்காரர் போன வருடம் இப்படி ஒரு ஆப்பைப் போட்டார். அக்காள் மகன் வந்து போட்டுக் கொடுத்தான். மூன்றாம் நாள் காலை 7 மணிக்கு ஒரு வீட்டுக்கு மெசேஜ் போனது: நிலுவை 1,860 ரூபாய். கடையில் பதிந்திருந்தது வீட்டுக்காரர் நம்பர். அந்த வீட்டுப் பெண் தன் தங்கையின் குழந்தைக்காக மூன்று டின் பால்பவுடர் கடனில் வாங்கியிருந்தார். அது வீட்டுக்காரருக்குத் தெரியாது. அன்று அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வருவதில்லை. பையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறார். கடைக்காரர் அன்று சாயங்காலமே ஆப்பைத் தூக்கிவிட்டார். ஆப் செய்தவருடைய கணினியில், ஒருவர் நீக்கிவிட்டார் என்று அது ஒரு எண்ணாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அவரும் யாருக்காவது எழுதியிருப்பார், நம் ஊர்க் கடைக்காரர்களுக்குத் தொழில்நுட்பம் என்றாலே பயம் என்று.

டாலி என்ற கணக்கு மென்பொருள் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குப் போகிறவர்களிடம் முதலில் கேட்பதே டாலி தெரியுமா என்றுதான். அது எங்கிருந்து வந்தது? பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, ஜவுளி ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் விற்றுக்கொண்டிருந்தார். அவர் கணக்கு எழுத ஒத்துவருகிற மென்பொருள் கிடைக்கவில்லை. மகன் பரத்திடம், நீயே ஒன்று எழுது என்றார். 1986-ல் அப்பாவும் மகனும் கம்பெனி தொடங்கினார்கள். கணக்குத் தலைப்புகளுக்கு எண் குறியீடு எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம், பெயரைப் போட்டாலே போதும் என்பது அந்த மென்பொருளின் பெரிய பலமாக இருந்தது. கடை கண்ணி நடத்துகிறவர் மனது தெரிந்தால்தான் இது தோன்றும். 2020-ல் பரத் கோயங்காவுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். முதல் வாடிக்கையாளர் அவருக்கு வீட்டிலேயே இருந்தார். உங்களுக்கும்தான் இருக்கிறார், தம்பி. அவரைத் திருத்த வேண்டிய ஆளாக அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்!

நோட்டு என்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2012-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர், சிறு வியாபாரிகளுக்கென்று ஒரு ஆப்பைத் தயார் செய்து கடை கடையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாலோ ஆல்டோவில் மக்ரூன் விற்கும் ஒரு கடை (நம் தூத்துக்குடி மக்ரூனுக்குத் தூரத்துச் சொந்தம்). அந்தக் கடையைப் பார்த்துக்கொண்ட பெண் இவர்கள் ஆப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு முடியும் நேரத்தில் ஒரு தடிமனான நோட்டை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக, வீட்டுக்குக் கொண்டுவந்து தரச் சொல்லி வந்த ஆர்டர்கள். கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லாமல் விட்டவை. மாணவர்கள் தங்கள் ஆப்பை ஓரமாக வைத்துவிட்டு அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 2013 ஜனவரியில், சில ஓட்டல்களின் மெனுவையும் ஒரு போன் நம்பரையும் போட்டு எளிய ஒரு வலைப்பக்கம். ஆர்டர் வந்தால் அவர்களே காரை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவந்து தரும் டோர்டாஷ் கம்பெனி அப்படித்தான் பிறந்தது. அவர்களில் ஒருவரான டோனி ஷூவின் அம்மா ஓட்டலில் வேலை பார்த்தவர். மகனும் அங்கே பாத்திரம் கழுவியிருக்கிறார். கடைக்காரர் நோட்டை நீட்டும்போது அதைக் குனிந்து பார்க்க அப்படிப்பட்டவருக்குத் தெரியும்.

நீங்களும் கடையில் வளர்ந்த பிள்ளை. உங்களை ஐ.டி. கம்பெனி வரைக்கும் படிக்க வைத்த பணம் அந்த நோட்டில் எழுதி வசூலான பணம். அதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கினால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

அடுத்தது கையெழுத்து. ‘ஒரு வார்த்தை கேட்காமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், யார் திருப்பித் தருவார், யாரிடம் எப்போது கேட்கக் கூடாது என்று 32 வருடம் பார்த்துப் பழகிய மனிதர் அவர். வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக் கொடுக்கும்போது அவருக்குக் கேள்வியே தோன்றியிருக்காது என்றா நினைக்கிறீர்கள்? மகன் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். உங்கள் ஆப்பை நம்பிக் கொடுத்திருந்தால் அது அன்றே கடைக்கு வந்திருக்கும். இது உங்களுக்கு வலிக்கும். ஆனாலும் இரண்டு வருடமாக அவர் வாய் திறக்காமல் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அதனால் இன்னொரு 5 லட்சம் கூடாது. யோசித்துப் பார்க்கலாம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். இருக்கிற 8 லட்சத்தில் மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள், எத்தனை தவணை மீதி என்று ஒரு தாளில் எழுதி, அப்பாவையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்துக் காட்டுங்கள். மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடுகிறது என்று எழுதினீர்கள், அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்ய முடியுமானால் வேலைக்குப் போங்கள். வீட்டிலிருந்தே பகுதி நேரமாகச் செய்யும் வேலை உங்கள் படிப்புக்குக் கிடைக்காதா? நண்பர் போனதைக் குறையாகச் சொல்லாதீர்கள். அவருக்கும் வீடு இருக்கும்.

பெங்களூருக்குக் குடிபோவதும் வேண்டாம். பத்திரம் அடமானத்தில் இருக்கும்வரை, கையெழுத்துப் போட்டவரைத் தனியாக விட்டுவிட்டு மகன் வேறு ஊருக்குப் போவது முறையில்லை என்பது என் எண்ணம். பழைய எண்ணம் என்றாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு, வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் உங்கள் வாடிக்கையாளர்கள் இருப்பது விருதுநகரில். கடன் நோட்டை எழுதிவைக்கிற ஓகேகிரெடிட் ஆப் 2017-லேயே வந்துவிட்டது. அப்புறம் காதாபுக். பெரிய முதலீடு வாங்கியவர்கள். அவர்களோடு திரையின் அழகில் போட்டி போட்டு ஜெயிக்கப் போகிறீர்களா? உங்கள் கையில் இருப்பது ஒரு கடை. காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி பத்து வரை நீங்கள் கல்லாப் பக்கம் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

உட்காருங்கள். ஒரு மாதம். முதல் வாரம் ஆப்பைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். சரக்கு இறக்குங்கள், பொட்டலம் கட்டுங்கள், அப்பா சாப்பிடப் போகும்போது நோட்டை நீங்கள் எழுதுங்கள். எங்கே கை தடுமாறுகிறது, எந்தக் கணக்கை அவர் தேடுகிறார், எதை எழுதாமல் மனதிலேயே வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். ஒருவேளை கடன் கணக்கில் அவருக்குச் சிரமமே இருக்காது. மொத்த வியாபாரியிடம் போன வாரம் துவரம் பருப்பு என்ன விலைக்கு வந்தது என்பதைத் தேடித்தான் தினமும் அரை மணி நேரம் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார், யார் கண்டது? அந்த 11 கடைகளுக்கும் நேரில் போங்கள். 1,400-ல் 1,389 பேர் விட்டுவிட்டபோது இவர்கள் ஏன் விடவில்லை என்று இவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் முகம்கூட உங்களுக்குத் தெரியாது என்று என் மனதில் படுகிறது. தெரிந்திருந்தால் எண்ணிக்கையாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

அப்பாவின் நோட்டில் அடித்துவிட்ட பெயர்கள் சில இருக்கும், பாக்கி வராமலே. ராத்திரி கடை சாத்துகிற நேரம், கூட்டம் இல்லாதபோது, ஒவ்வொரு பெயராகக் காட்டி ஏன் அடித்தார் என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதி அனுப்புங்கள். டிசைனரை வைப்பதா என்று அதைப் படித்த பிறகு சொல்கிறேன்.